நெவில் மாற்றிய பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்குமா குடிக்காதா என்பதைக் கை தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்த ஊர், எனக்குத் தெரிந்து, எங்கள் மில்லர்ஸ் கிரீக் மட்டும்தான். குடிக்காது என்று முடிவாயிற்று.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என் பெயர் டோரீன். இந்த மேட்டுநிலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வேலையை விட்ட பிறகு ஊர்ப் பொது வேனை ஓட்டுகிறேன், சம்பளம் கிடையாது. கீழே கெய்ன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் காலையில் மலை இறங்குவேன், சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவேன். இறைச்சிக் கடைக் கோழியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்தியும், ஊர் ஹாலுக்கு வெளியே சாசேஜ் சுட்டு விற்றும் ஊரே சேர்ந்து வாங்கிய வேன் அது. அதனால் அதன் மேல் எல்லோருக்கும் உரிமை உண்டு. வண்டியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அதைப் பற்றி அபிப்பிராயம் உண்டு.

வேன் கமிட்டிக்குத் தலைவன் நெவில். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் 'அவர்' 'இவர்' எல்லாம் எனக்கு வராது. பால் மாடு வைத்திருந்தான். மாடுகளை விற்றுவிட்டு ஷெட்டை மட்டும் வைத்துக்கொண்டான். அந்த ஷெட்டில் இல்லாத சாமான் கிடையாது. பழைய ஆணியைப் பிடுங்கினால் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போடுவான். அரை டப்பா பெயின்ட், கால் பாட்டில் எண்ணெய், கைப்பிடி இல்லாத ரம்பம் எல்லாமே "எப்பவாவது உதவும்" என்று அலமாரியில் உட்கார்ந்திருக்கும். உதவியும் இருக்கிறது, அதுதான் வம்பு. ஒரு புயலுக்கு ஹால் கூரை பிய்த்துக்கொண்டபோது அதை இழுத்துக் கட்டியது நெவில் ஷெட்டிலிருந்து வந்த கம்பிதான். அதற்குப் பிறகு எதையாவது தூக்கி எறி என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை, அவன் மனைவி ஜாய்ஸைத் தவிர.

ஜாய்ஸுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வருஷா வருஷம் எங்கள் ஊர்க் கண்காட்சியில் கேக் போட்டிக்கு அவள்தான் நடுவர். போன வருஷம் அடி தீய்ந்துபோன ஸ்பாஞ்ச் கேக்குக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேசாமல் இருந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்து இப்போதுதான் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் தேதி வந்திருந்தது. அந்தத் தேதியை விட்டால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

இந்த நேரத்தில்தான் வேனை ரோக்கோவின் பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். ரோக்கோ சின்னப் பையனாக என் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து சேட்டை பண்ணியவன். இப்போது தலையில் பாதி நரை. பேனா மாதிரி ஒரு கருவியை பிரேக் ஆயில் டப்பாவுக்குள் நனைத்து என்னிடம் காட்டினான். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"டோரீன்க்கா, இதுல தண்ணி ஏறிப்போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசு ஊத்தணும்."

"வண்டி வாரத்துல ஒரு நாள்தானேடா ஓடுது?"

"ஓடுறதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லக்கா. சும்மா நின்னாலும் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். நம்ம ஊர்ல காத்தா அடிக்குது? பாதி தண்ணிதான்."

"இழுத்துட்டுப் போகட்டுமே, அதனால என்ன?"

"ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் தெரியாது. மலை இறங்கறப்ப பிரேக்க அமுக்கிக்கிட்டே வருவீங்கல்ல, அந்தச் சூட்டுல தண்ணி கொதிச்சு ஆவியாகும். அப்புறம் நீங்க அமுக்குறது ஆயில இல்ல, வெறும் குமிழிய. பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி அது பாட்டுக்குப் போகும்."

நான் பஸ் ஓட்டிய காலத்தில் இதையெல்லாம் டிப்போவிலேயே பார்த்துக்கொண்டார்கள். இந்த வேனுக்கு டிப்போ இல்லை, கமிட்டிதான் இருக்கிறது.

கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். நெவில் லாமிங்டன் கேக்கைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்டான், பிறகு மேஜையைத் தட்டினான்.

"நான் இப்பத்தான் போயி பாத்துட்டு வந்தேன். டப்பாவுல ஆயில் கோடு வரைக்கும் இருக்கு. குறையவே இல்லாதத எதுக்கு மாத்தணும்? மூடி இறுக்கமா இருக்கு, தண்ணி எந்த வழியா போச்சாம்? ரோக்கோவுக்கு வியாபாரம் டல்லா இருக்கா?"

"நெவில், மூடி வச்ச டின்ல பிஸ்கட் நமுத்துப்போறது இல்லையா?"

"பிஸ்கட்ட வச்சா பிரேக் போடுற? என் டிரக்குல இருபது வருஷமா அதே ஆயில்தான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உன் டிரக் வீட்லேருந்து பப்புக்குப் போகுது, பப்புலேருந்து வீட்டுக்கு வருது. அந்த வேகத்துக்கு ஒரு ஆள் முன்னாடி நின்னு கைய நீட்டினாலே நின்னுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நெவில் பக்கம் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் ஊர் அப்படி. நல்ல பேச்சுக்குச் சிரிப்பார்கள், கையை மட்டும் கூரையைக் கட்டியவனுக்குத் தூக்குவார்கள்.

"ரொம்ப சந்தோஷம், அப்ப வேற டிரைவரப் பாத்துக்கங்க" என்று சாவியை மேஜையில் வைத்தேன்.

மலைச்சாலையில் அந்த வேனை ஓட்ட வேறு ஆள் கிடையாது. நெவிலுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து நெடுந்தூரம் ஓட்டக்கூடாது. மூலையில் உட்கார்ந்திருந்த ஜாய்ஸ் தலையைக் குனிந்துகொண்டு கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கே மனசு என்னவோ செய்தது. ஆனால் சாவியை எடுக்கவில்லை.

நெவில் அவளைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"சரி, அம்மா தாயே. ரோக்கோவுக்கு எதுக்குத் தண்டம் கட்டணும்? நானே மாத்திடறேன். சனிக்கிழம, சும்மாவே."

எல்லோரும் கை தட்டினார்கள். சனிக்கிழமை சும்மா செய்து தருகிறேன் என்று ஒருவன் எழுந்து நின்றால் எங்கள் ஊரில் மறு கேள்வி கிடையாது. நானும் சாவியை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். வேலை ஒழுங்காகவே நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே பழைய ஆயிலை வெளியே விட வேண்டும். ஜாய்ஸ் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அமுக்கு" என்று வண்டிக்கு அடியிலிருந்து நெவில் கத்துவான். அவள் அமுக்குவாள். "விடு" என்பான். விடுவாள். இந்த வேலைக்குக் கண் தேவையில்லை என்று சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்தாள். நெவில் வெளியே வந்து, கறுத்துப்போன பழைய ஆயிலை ஜாடியில் காட்டினான். பிறகு என்னைக் குனியச் சொல்லி டப்பாவில் இருந்த ஆயிலைக் காட்டினான். தேன் மாதிரித் தெளிவாக இருந்தது.

"என்ன ஆயில் ஊத்தின?"

"புதுசுதான். எந்த வண்டியும் இதுவரைக்கும் தொடாதது."

அவன் பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் அன்று காலை அவர்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினால் நெவில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு நிற்கிறான். கீழே கார்டன்வேலில் அவன் தம்பி வீட்டுக்காம். "வண்டி எப்படியும் அந்த வழியாத்தானே போகுது?" என்று பின்னால் அடுக்கினான். ஜாய்ஸ் எனக்குப் பக்கத்தில் ஏறினாள். நல்ல கவுன் போட்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம், தண்ணீர் குடிக்கக்கூடப் பயந்தாள். நெவில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

மலை உச்சியில் பனிமூட்டம். இரண்டாவது கியரில் இறங்கினேன். கியரே பாதி வேலையைச் செய்துவிடும், வழக்கமாக பிரேக்கை அங்கங்கே தொட்டால் போதும். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு கார், வீடு மாதிரி கேரவனைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டது. தெற்கேயிருந்து வந்த ஓய்வு பெற்ற ஜோடி போலிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்து யோசித்துத் திரும்பினார்கள். முந்த இடமில்லை. அவர்கள் பிரேக் போட, நான் பிரேக் போட, பின்னால் உருளைக்கிழங்கு முன்னே தள்ள, இப்படியே போயிற்று.

பாதி மலையில் பெடல் கொஞ்சம் மெத்தென்றது. அடுத்த வளைவில் இன்னும் கீழே போனது. அதற்கடுத்த வளைவுக்கு முன் அமுக்கினேன், தரையைத் தொட்டது. வேன் அது பாட்டுக்குப் போயிற்று.

நான் கத்தவில்லை. கத்த நேரமில்லை. பெடலை மேலும் கீழும் வேகமாக மிதித்தேன், கொஞ்சம் பிடித்து மறுபடி விட்டுவிட்டது. முதல் கியருக்குத் தள்ளினேன், இன்ஜின் அலறியது. கேரவனின் பின்பக்கம் என் முன் கண்ணாடி முழுக்க வந்துவிட்டது. கை பிரேக் கம்பியில் இயங்குவது, அதற்கு ஆயில் வேண்டாம். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும். விட்டு விட்டு இழுத்தேன். இடது பக்கம் மலைச்சரிவை ஒட்டி ஒரு மண் ஒதுக்கம் தெரிந்தது. அதில் திருப்பி, சரிவில் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டே போய் நிறுத்தினேன். வலது பக்கப் பள்ளமாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

ஒரு உருளைக்கிழங்கு உருண்டு வந்து என் காலடியில் நின்றது. கேரவன்காரர்கள் எதுவும் தெரியாமல் அடுத்த வளைவில் மறைந்துவிட்டார்கள்.

"ஏன் இங்க நிறுத்தின?" என்றான் நெவில்.

"நிறுத்தல. நின்னுச்சு. பிரேக் போச்சு."

"எப்படிப் போகும்? நான் மாத்தினேன்."

கீழே இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். ஜாய்ஸும் தடவித் தடவி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். சக்கரங்களிலிருந்து காந்தல் வாடை வந்தது. நெவில் பொறுக்க முடியாமல் ஓட்டுநர் சீட்டில் ஏறி பெடலை மிதித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சு! கல்லு மாதிரி நிக்குது பாரு. டோரீன், வா வா, மிதிச்சுப் பாரு. நீ சரியா அமுக்கல, அவ்வளவுதான். ஏறுங்க, நேரமாகுது."

மிதித்துப் பார்த்தேன். உண்மைதான், கல் மாதிரி இருந்தது. சூடு ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், பெடலும் நல்லபிள்ளையாகிவிடும். அடுத்த வளைவு வரைக்கும்.

"நான் எடுக்க மாட்டேன்."

"ஜாய்ஸோட கண்ணு, டோரீன்! ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா. உன் வீம்புக்கு அவளுக்குத் தேதி போகணுமா?"

எனக்கு அவனை அடிக்கலாம் போலிருந்தது. ஏனென்றால் அவன் சொன்னதில் பாதி சரி. தேதி போகும். போனால் அடுத்த கண்காட்சியிலும் அவள் கேக்கை மோந்து பார்த்துத்தான் பரிசு கொடுக்க வேண்டும். நான் ஜாய்ஸைப் பார்த்தேன். அவள் நெவிலின் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றாள்.

"நெவில், அன்னிக்கு எந்த பாட்டில ஊத்தின?"

"பிரேக் ஆயில் பாட்டில்தான்."

"கடைக்கு எப்போ போன? நீ போகலையே. ஷெட்லேருந்து எடுத்தியா? அந்தச் சாம்பல் மூடி பாட்டிலா?"

"சாம்பல் இல்ல, நீலம்" என்றான் நெவில், சன்னமாக.

"எந்த நிறமோ. அத நான் போன தடவ குப்பைக்குப் போற பெட்டியில போட்டேனே. நானே என் கையால போட்டேன்."

நெவில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்தான்.

"போட்ட. நான் திருப்பி எடுத்துட்டேன். முக்கால் பாட்டில் இருந்துச்சு, ஜாய்ஸ். யாரும் தொடாத ஆயில். யாரும் தொடாதது புதுசுதானே?"

"திறந்தது எப்போ?"

"மாடுங்க இருந்தப்போ."

மாடுகளை விற்று எத்தனை மழைக்காலம் போயிற்று என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அத்தனை மழைக்காலமும் அந்த பாட்டில் பாதி திருகிய மூடியோடு ஷெட் அலமாரியில் உட்கார்ந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ரோக்கோ எடுக்கச் சொன்ன ஆயில்கூட இதைவிடத் தேவலையாக இருந்திருக்கலாம்.

ஜாய்ஸ் வேனுக்குள் கையை விட்டுத் துழாவித் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு சாலையோரத்தில் போய் நின்றாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கினாள். எங்கள் மலைச்சாலையில் கை தூக்கினால் நிற்பார்கள். ஒரு பெண் நிறுத்தினாள். பின் சீட்டில் இரண்டு பெரிய நாய்கள், முன்னால் ஒரே ஒரு சீட் காலி. கெய்ன்ஸுக்குத்தான் போகிறேன், ஆஸ்பத்திரி வாசலிலேயே விடுகிறேன் என்றாள்.

"நானும் வர்றேன். நாய்ங்க கூட உக்காந்துக்குறேன்" என்று நெவில் நொண்டிக்கொண்டே ஓடினான். "கையெழுத்து கிய்யெழுத்து போட ஆள் வேணாமா?"

"கையெழுத்த நானே போட்டுக்குறேன்" என்றாள் ஜாய்ஸ். "நீ ஆயிலுக்குக் காவல் இரு."

கார் போய்விட்டது. அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. கீழே போனதும் ரோக்கோவுக்குத் தகவல் சொல்லச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டை மேல் உட்கார்ந்தோம். முதலில் அவன் உருளைக்கிழங்கைத் திட்டினான். பிறகு கேரவனைத் திட்டினான். பிறகு ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அதன் மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டோரீன்."

"சொல்லு."

"அவளையே உக்காரவச்சு அமுக்க வச்சேன். அமுக்கு, விடு, அமுக்கு, விடுன்னு. அவ காலாலயே அந்தத் தண்ணிய உள்ள ஏத்த வச்சிருக்கேன்."

இவ்வளவு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவன் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனாலும் அவன் முதுகில் கையை வைத்தேன்.

ரோக்கோ இழுவை வண்டியோடு வந்தபோது உச்சி வெயில். ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. நெவில் அதற்காகவே காத்திருந்த மாதிரி நின்றான், திட்டினால் தேவலை என்பதைப் போல. ரோக்கோ பேனாவை டப்பாவில் நனைத்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"என் டிரக்குல இருபது வருஷமா…" என்று நெவில் ஆரம்பித்தான்.

"ஊருக்குள்ள ஓட்டுற வரைக்கும் இன்னும் இருபது வருஷம் கூட தெரியாம போகலாம், நெவில். மலை இறங்குற அன்னிக்குத்தான் தெரியும். நாளைக்கு டிரக்க கொண்டு வாங்க."

"கொண்டு வர்றேன்" என்றான் நெவில்.

ஜாய்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றிரவு நெவிலின் தம்பி வீட்டில் தங்கினாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாளாம். "வானம் இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?" என்று நர்ஸைக் கேட்டாளாம். தம்பி காரில் ஊர் வந்து சேர்ந்தபோது நெவில் வாசலில் சவரம் செய்து, தலையை வாரிக்கொண்டு நின்றான். நானும் இருந்தேன். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்போ உனக்கு இவ்வளவு வயசாச்சு?" என்றாள்.

"நேத்து காலையில" என்றான் நெவில். அன்றைக்குத்தான் நாங்கள் மலையில் நின்றோம்.

அடுத்த சனிக்கிழமை குப்பைக் கிடங்குக்கு என் டிரெய்லரை இரவல் கேட்டான். நானே என் காரில் அதை மாட்டி ஓட்டிக்கொண்டு போனேன். ஷெட்டிலிருந்த அரை டப்பா, கால் பாட்டில் எல்லாவற்றையும் அவனே பெட்டி பெட்டியாக ஏற்றினான், யாரும் சொல்லாமலே. ஜாய்ஸ் எனக்குப் பக்கத்தில், ஆபரேஷன் ஆன கண் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடங்கில் எண்ணெய்களுக்குத் தனித் தொட்டி உண்டு. நெவில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தான். கடைசிப் பெட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்து, கோட்டுக்குள் நழுவவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம், கதவைத் திறந்து இறங்கப் போனேன். ஜாய்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரும்பாமலே, பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி ஜன்னலை இறக்கினாள்.

"அந்த நீல மூடியையும் போட்டுடு, நெவில். எனக்கு இப்போ கண்ணு தெரியுது."